ஹோம் தியேட்டர் ரிசீவர்: வாட் வேண்டுமா, வாழ்நாள் வேண்டுமா?

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்தின் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற இளைஞர், மிஹான் பகுதியில் கணினிக் கம்பெனி ஒன்றில் வேலைக்காக நாக்பூர் வந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம், மெதுவாகக் கேட்டார்: "சார், நீங்கள் ரயில்வேயில் எலெக்ட்ரிகல் இஞ்சினீயராக இருந்தவர் என்று சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்தக் கம்பெனி வாங்கலாம்? எத்தனை வாட் இருந்தால் நல்லது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாம்பார் வாளி வந்துவிட்டது. சங்கத்துச் சாம்பாரின் முன்னால் எந்தத் தொழில்நுட்பமும் நிற்காது என்பது அன்பர்கள் அறிந்ததே. அன்று சொல்ல முடியாமல் போனதை இந்த இதழில் எழுதிவிடுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, டெலிவிஷன் பெரிதாகிக்கொண்டே போக, அதிலிருந்து வரும் பேச்சு மட்டும் புரியாமல் போய்க்கொண்டிருக்கும் எல்லா வீட்டாருக்கும் இது பயன்படலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "எத்தனை வாட்?" என்பது தவறான கேள்வி. "எத்தனை வருடம்?" என்பதுதான் சரியான கேள்வி. முப்பத்தேழு வருடம் புசாவலிலும் அஜ்னியிலும் லோகோ ஷெட்டில் வேலை பார்த்த நானே இந்தத் தவறான கேள்வியைக் கேட்டவன்தான். அதற்குக் கொடுத்த விலை பணம் மட்டுமல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரிசீவர் என்பது என்ன?

விஷயம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். டெலிவிஷன், செட் டாப் பாக்ஸ், டிஸ்க் பிளேயர் ஆகியவற்றிலிருந்து வரும் ஒலியை வாங்கி, அதைப் பிரித்து, பெரிதாக்கி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதனதன் பங்கை அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். 5.1 என்றால் முன்னால் இடம், வலம், நடு என்று மூன்று ஸ்பீக்கர்கள், பக்கவாட்டில் அல்லது பின்னால் இரண்டு, அடித்தொண்டைச் சத்தத்துக்கு ஒரு ஸப் வூஃபர். இதில் நடு ஸ்பீக்கர்தான் குடும்பத் தலைவி மாதிரி. சத்தம் போடாமல் பாதிக்கு மேல் வேலையை அதுதான் செய்கிறது. 5.1 ஒலியில் வரும் ஒரு படத்தின் வசனம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வெளிவரும்.

லோகோவில் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், கன்ட்ரோல் கார்டுகள், மோட்டார் எல்லாம் இருப்பது போல, இந்தச் சிறு பெட்டிக்குள்ளும் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், கம்ப்யூட்டர் போர்டு, ஐந்து அல்லது ஏழு ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நெருக்கம் இருக்கும் இடத்தில் சூடு இருக்கும். சூடு இருக்கும் இடத்தில் ரிப்பேர் இருக்கும்.

என் வீட்டுக் கதை

நான் ரிட்டயர் ஆனது 2018 கடைசியில். அடுத்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். "மாமா, இனிமேல் உங்களுக்குப் படம் பார்க்கத்தானே நேரம்" என்று சொல்லி மாப்பிள்ளை ஒரு ரிசீவரைத் துணிமணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெயர் பெற்ற கம்பெனி. ஏழு சேனல். பெட்டியின் மேல் போட்டிருந்த வாட்டைப் பார்த்ததும் நான் அசந்துபோனேன். அதே கம்பெனியின் பெட்டி இங்கே கடையில் விற்ற விலையை விட அங்கே மலிவு என்றும் சொன்னார்.

அது 120 வோல்ட், 60 சைக்கிள் மின்சாரத்துக்காகச் செய்த பெட்டி. இங்கே வருவது 230 வோல்ட், 50 சைக்கிள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி மாட்டினேன். வோல்டேஜ் சரியாகிவிட்டது. ஆனால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர சைக்கிளை மாற்றாது. 60 சைக்கிளுக்காகவே கணக்குப் போட்டுச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 50 சைக்கிளில் ஓட்டினால் அதன் இரும்புக் கோரில் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சில கம்பெனிகள் இதற்கு இடம் விட்டுச் செய்வார்கள், சில கம்பெனிகள் செய்யமாட்டார்கள். இடம் விடாத இடத்தில் கோர் சுடும். டிப்ளமா இரண்டாம் வருடத்தில் படித்த பாடம் இது. தெரிந்தும், "வீட்டு உபயோகம்தானே, ஒன்றும் ஆகாது" என்று விட்டேன்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. தூசி படியக்கூடாது என்று கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் அதை வைத்தோம். மேலே நாலு விரல் இடம். நாக்பூரின் மே மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே 45 டிகிரி அடிக்கும்போது, கூலர் ஓடும் ஹாலுக்குள்ளேயே முப்பத்தைந்துக்குக் குறையாது. மூடிய கண்ணாடிக்குள் எவ்வளவு இருந்திருக்கும்? லோகோவில் ஒரு புளோயர் நின்றால் அலறிக்கொண்டு ஓடிய நான், என் வீட்டு ஷோகேஸை ஒரு நாள் கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

2022 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, படம் பாதியில் இருக்கும்போது, டக் என்று ஒரு சத்தம். அத்தோடு நின்றது. மூன்றாவது கோடையைக் கூட முழுதாகத் தாண்டவில்லை.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பின்பக்கத்து நம்பரைப் பார்த்துவிட்டு, "இந்த மாடல் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததே இல்லை, போர்டு கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்கள். சீதாபுல்டியில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்யும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் மேல் மூடியைக் கழற்றி, தலை உப்பிப்போன இரண்டு கப்பாசிட்டர்களையும், அருகே பழுப்பேறிய போர்டையும் காட்டினார். "பாய் சாப், இதை யாரும் கெடுக்கவில்லை. வேக வைத்துவிட்டீர்கள்" என்றார். கப்பாசிட்டரை மாற்றலாம், அதற்குச் சில நூறு ரூபாய்தான். ஆனால் கம்ப்யூட்டர் போர்டும் போய்விட்டது. அதற்கு அவரிடமும் மருந்தில்லை. கடைசியில் பெட்டி எடைக்குப் போயிற்று.

எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்கு ஒரு கணக்கு உண்டு. பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பத்து டிகிரி குறைந்தால் இரட்டிப்பாகும். கம்பெனி எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இருபது டிகிரி கூடுதல் சூட்டில் வைத்தால் பன்னிரண்டு வருடம் இருக்க வேண்டியது மூன்று வருடத்தில் போகும். என் பெட்டி கணக்குத் தவறாமல்தான் போயிருக்கிறது.

பணம் மட்டுமல்ல என்று சொன்னேனே

அதன்பிறகு இரண்டு வருடம் டெலிவிஷனின் சொந்த ஸ்பீக்கரிலேயே ஓட்டினோம். "நமக்கு இது போதும்" என்று நான்தான் சொன்னேன். இன்றைய டெலிவிஷன்கள் சுவரோடு ஒட்டும் அளவுக்கு மெல்லியவை. ஸ்பீக்கர் வைக்க முன்பக்கத்தில் இடமில்லை. கீழ்நோக்கியோ பின்பக்கம் பார்த்தோ பொருத்துகிறார்கள். நம்மைப் பார்த்துப் பேசாமல் சுவரைப் பார்த்துப் பேசுபவனின் பேச்சு எப்படித் தெளிவாகக் கேட்கும்?

என் மனைவி படம் பார்க்கும்போது, "ஏங்க, என்ன சொன்னான்?" என்று கேட்க ஆரம்பித்தாள். முதலில் பதில் சொன்னேன். பிறகு எரிச்சலோடு பதில் சொன்னேன். பிறகு, "கவனமாகக் கேட்டால்தானே தெரியும்" என்றேன். சில மாதங்களில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதை நான் நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். சாப்பாடு முடிந்ததும் அவள் சமையலறையிலேயே ஏதாவது வேலை வைத்துக்கொள்ள ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை. ஏழாயிரம் மைல் தாண்டி இருக்கும் மகள்தான் வீடியோ காலில் கவனித்தாள். "அப்பா, அம்மா ஏன் இப்பல்லாம் படமே பாக்கறதில்ல?"

அப்போதுதான் அவள் சொன்னாள்: "காதுல விழுதுடி. ஆனா என்ன சொல்றாங்கன்னுதான் புரியல. அப்பாவைக் கேட்டா அவருக்குக் கோவம் வருது."

காது டாக்டரிடம் போனோம். வயதோடு வருவதுதான் என்றார். முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த ஒலியில் இருக்கிறது, அதனால் 'யாரோ பேசுகிறார்கள்' என்று கேட்கும். த, ட, ச, ப போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது உயர்ந்த ஒலி. அது தேயும்போது 'பத்து' என்றாரா 'பட்டு' என்றாரா என்று தெரியாமல் போகும். கேட்கும், புரியாது. சத்தத்தைக் கூட்டினால் சண்டையும் பாட்டும்தான் காதைப் பிளக்கும், வசனம் அப்படியே இருக்கும்.

வெளியே போனால் மராத்தி, ஹிந்தி. எங்கள் கட்டிடத்தில் தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். மகள் பேசுவது வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நேரங்களில் அவள் காதில் தமிழ் விழுந்தது அந்தப் படங்களில்தான். ஒரு பெட்டியைச் சரியாக வாங்கி, சரியாக வைக்கத் தெரியாததால் அதையும் அவளிடமிருந்து நான் எடுத்துவிட்டேன். ரிசீவர் காது மிஷினுக்கு மாற்று அல்ல. மிஷினும் வாங்கினோம். ஆனால் டாக்டரே, "டெலிவிஷன் ஒலியையும் சரிசெய்யுங்கள்" என்றார். 2024 தொடக்கத்தில் மறுபடியும் ரிசீவர் தேடப் புறப்பட்டேன். இந்தத் தடவை வாட் கேட்கவில்லை.

வாட் என்னும் மாயை

தொண்ணூறுகளில் டூ இன் ஒன் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. என்ற நான்கெழுத்து மோசடி ஞாபகம் இருக்கும். ஆறு பேட்டரியில் ஓடும் பெட்டியின் மேல் '1000 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எந்த விதிக்கும் கட்டுப்படாத எண் அது. உள்ளே போகும் மின்சாரத்தை விட வெளியே வரும் ஒலி அதிகமாக இருக்க முடியாது. பின்பக்கம் எழுதியிருக்கும் மின் செலவைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்றைய நல்ல கம்பெனிகள் அப்படிப் பொய் சொல்வதில்லை. ஆனால் உண்மையை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒரே ரிசீவருக்கு ஒரு தாளில் 80 வாட் என்றும் இன்னொரு தாளில் 140க்கு மேலும் இருக்கும். சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முதல் எண்: 8 ஓம், 20 முதல் 20,000 சைக்கிள் வரை, இரண்டு சேனல் ஓடும்போது, சிதைவு 0.08 சதவீதம். இரண்டாவது எண்: 6 ஓம், 1,000 சைக்கிளில் மட்டும், ஒரே ஒரு சேனல், சிதைவு 10 சதவீதம். பத்து சதவீதச் சிதைவு என்பது கரகரப்பு. அந்த நிலையில் யாரும் கேட்கப்போவதில்லை.

லோகோவிலும் இப்படித்தான். ஒரு மணி நேரத்துக்கு இழுக்கும் திறன் ஒன்று, நாள் முழுவதும் சூடேறாமல் இழுக்கும் திறன் வேறொன்று. டபிள்யூ.ஏ.ஜி.-7 லோகோவை 5000 குதிரைத்திறன் என்று சொல்வது இரண்டாவது கணக்கில், அதாவது தொடர்ந்து இழுக்கும் கணக்கில். கூட்ஸ் வண்டிக்கு லோட் போடும்போது கன்டினியூவஸ் ரேட்டிங்கைத்தான் நாங்கள் பார்ப்போம். ரிசீவரிலும் முதல் எண்ணையே பாருங்கள், இரண்டாவதை மறந்துவிடுங்கள்.

அந்த முதல் எண்ணுக்கும் அதிகம் மயங்க வேண்டாம். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபல், காதுக்குத் தெரிவதே கஷ்டம். சத்தம் இரு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் வரை கொடுக்கும். பன்னிரண்டுக்குப் பதினாலு அடி ஹாலில் வசனம் கேட்க நாம் செலவழிப்பது இரண்டு மூன்று வாட்தான். சண்டைக் காட்சியில் ஒரு நொடி அது பல மடங்கு ஏறும், அதற்கு இடம் வேண்டும். அதற்கு 70, 80 வாட் தாராளம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

நான் கடையில் கேட்ட கேள்விகளை வரிசையாகத் தருகிறேன்.

ஒன்று: இந்த ஊரில் யார் ரிப்பேர் செய்வார்கள்? என்னைப் பொறுத்தவரை ரிப்பேர் செய்ய ஆள் இல்லாத பொருள் நம்பகமான பொருளே அல்ல, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. பெயர் மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம்: 1946ல் தொடங்கி ரிசீவர் உலகில் கொடிகட்டிப் பறந்த ஜப்பானிய ஆன்கியோ. அதன் ஹோம் எண்டர்டெயின்மெண்ட் கம்பெனி 2022 மே மாதம் திவாலானது. பெயரை வேறு கம்பெனிகள் வாங்கித் தொடர்கின்றன. டெனான், மராண்ட்ஸ் இரண்டும் 2002லேயே ஒரே குடையின் கீழ் வந்தவை. அந்தக் குடை 2017, 2022, 2025 என்று மூன்று தடவை கை மாறி, இப்போது சாம்சங்கின் ஹார்மனிடம் இருக்கிறது. இவை மட்டமான பெட்டிகள் என்று நான் சொல்லவில்லை. பெட்டியின் மேல் உள்ள பெயரும், பின்னால் நிற்கும் ஆளும் வேறு வேறு என்றுதான் சொல்கிறேன். சர்வீஸ் சென்டரின் முகவரியைக் கடைக்காரரிடம் வாங்கி, ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் போய்ப் பார்த்தேன். இந்திய வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் விழ வேண்டும்.

இரண்டு: பின்பக்கத்தில் 230 வோல்ட், 50 சைக்கிள் என்று இருக்கிறதா? பிள்ளைகள் அன்போடு வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதை மறுக்க மனம் வராது. ஆனால் மறுத்துவிடுங்கள். ஸ்பீக்கர் கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்கு வோல்டேஜ் பேதமில்லை. ரிசீவரை இங்கேயே வாங்குங்கள்.

மூன்று: தேவையில்லாததற்கு எவ்வளவு கொடுக்கிறேன்? ஒன்பது சேனல், பதினொரு சேனல் பெட்டி என்றால் அத்தனை ஆம்ப்ளிஃபயர்களும் அதே பெட்டிக்குள் சூடு கொடுக்கும். டால்பி அட்மாஸ் நல்ல தொழில்நுட்பம்தான், 2012ல் திரையரங்குக்கு வந்து 2014ல் வீட்டு ரிசீவருக்கும் வந்துவிட்டது. ஆனால் அதற்கு மேலிருந்து ஒலிக்கும் ஸ்பீக்கர் வேண்டும். வாடகை வீட்டுக் கூரையில் துளை போட வீட்டுக்காரர் விடுவாரா? 8கே படம், வீடியோ கேம் சமாசாரங்கள் வேண்டாதவர்கள் அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். டெலிவிஷனிலேயே படம் பார்ப்பவர்களுக்கு ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை இரண்டு பக்கமும் இருந்தால் போதும். டெலிவிஷன் ஒலி ஒரே கேபிளில் ரிசீவருக்கு வந்துவிடும்.

நான்கு: ஸ்பீக்கர் எத்தனை ஓம்? ரிசீவர் 6 ஓம் முதல் என்று சொன்னால் அதற்குக் குறைந்ததை மாட்டாதீர்கள். ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சேர்த்து மாட்டினால் அது 4 ஓம் ஆகிவிடும். கரண்ட் இரட்டிப்பாகும், பெட்டி சுடும்.

வாங்கிய பிறகு

நம்பகம் என்பது பாதி கடையில், பாதி நம் வீட்டில். லோகோவுக்கு ஐ.ஏ., ஐ.பி., ஐ.சி. என்று ஷெட்யூல் இருப்பது போல நம் பெட்டிக்கும் ஒன்று வேண்டும்.

திறந்த அலமாரியில் வையுங்கள், மேலே குறைந்தது ஒரு சாண் இடம் விடுங்கள். அதன் தலையில் செட் டாப் பாக்ஸையோ பூச்சாடியையோ வைக்காதீர்கள். கூலரின் ஈரக் காற்று நேராக அடிக்கும் இடம் கூடாது. ஹோலிக்கு முன்பு ஒரு தடவை, தீபாவளிக்கு முன்பு ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல் சல்லடைத் துளைகளின் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள்.

சுவர் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று தெரிகிறதா? பெரும்பாலும் எர்த் இல்லாத இணைப்புகளிலிருந்து கசியும் கரண்ட் அது. எச்.டி.எம்.ஐ. போர்டு போவதற்கு அதுவும் ஒரு வழி. ஆகவே எல்லாவற்றையும் ஆஃப் செய்த பிறகே கேபிளை மாட்டுங்கள், கழற்றுங்கள். ஜூன் தொடக்கத்து இடி மின்னலின்போது பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, செட் டாப் பாக்ஸுக்கு வெளியிலிருந்து வரும் கேபிளையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும்.

வசனம் தெளிவாகக் கேட்பதற்கு நான்கு செலவில்லாத காரியங்கள். பெட்டியோடு வரும் சிறு மைக்கைப் பலர் வெளியே எடுப்பதே இல்லை. அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து ஒரு தடவை அளக்க விடுங்கள். பிறகு நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டுங்கள். இரவில் 'நைட் மோடு' போன்ற அமைப்பைப் போட்டால் வெடிச்சத்தம் அடங்கி, முணுமுணுப்பு மேலே வரும். சாதாரணச் சேனல்களில் ஒலி இரண்டு தடத்தில்தான் வரும். அப்போது 'டால்பி சரவுண்ட்' முறையைத் தேர்ந்தெடுத்தால் ரிசீவரே பேச்சைப் பிரித்து நடுவுக்கு அனுப்பும்.

மறுப்பு சொல்பவர்களுக்கு

"இத்தனை தொல்லை எதற்கு சார், ஒரு சவுண்ட் பார் போதாதா?" என்பார்கள். சிறிய அறைக்கு, நடுச் சேனல் உள்ள சவுண்ட் பார் போதும்தான். ஆனால் அதில் போர்டும் ஸ்பீக்கரும் ஒரே உடம்பு. போர்டு போனால் எல்லாம் போயிற்று. என் பழைய ரிசீவர் எடைக்குப் போனபோது ஸ்பீக்கர்கள் அப்படியே இருந்தன. இன்றும் அவைதான் பாடுகின்றன. நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் தாராளமாக இருக்கும். ஆகவே பணத்தை ஸ்பீக்கரில், முக்கியமாக நடு ஸ்பீக்கரில் போடுங்கள். ரிசீவரை நடுத்தரமாக வாங்குங்கள். ஐந்தும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை, முன்பக்கத்து மூன்றோடு ஆரம்பிக்கலாம். பின்னால் ஸ்பீக்கர் இல்லை என்று அமைப்பில் சொல்லிவிட்டால் ரிசீவர் அதற்கேற்ப நடந்துகொள்ளும்.

இன்னும் சிலர், சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கிக் கட்டும் உள்ளூர் 5.1 ஆம்ப்ளிஃபயரைப் பற்றிக் கேட்பார்கள். எந்த மெக்கானிக்கும் சரிசெய்யலாம் என்பது அதன் பெரிய பலம். எழுதியிருக்கும் வாட்டை மட்டும் நம்ப வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரின் எடையைத் தூக்கிப் பாருங்கள், அது உண்மை சொல்லும்.

நான் வாங்கியது 5.1 ரிசீவர், இங்கேயே வாங்கியது, 70 வாட். ஷோகேஸின் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றிவிட்டேன். தூசியை நானே துடைக்கிறேன். இரண்டு கோடை தாண்டிவிட்டது. மே மாதப் பிற்பகலில் மேல் மூடியின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். கையை எடுக்காமல் வைத்திருக்க முடிகிறது. இந்த வயதில் அதுவே பெரிய திருப்தி.

சென்ற மாதம் ஒரு நகைச்சுவைப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி திடீரென்று சிரித்தாள். எனக்குப் பிடிபடவில்லை. "என்ன சொன்னான்?" என்று நான் கேட்டேன். அவள் எரிச்சல்படாமல் சொன்னாள். எனக்கும் காது டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது "என்ன சொன்னான்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்பதை நிறுத்திவிட்டார்களா என்றும் கவனியுங்கள்.

அந்த இளைஞர் இதைப் படித்தால், கடைக்குப் போகும் முன் மாடல் நம்பர்களை எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க நூலகத்துக்கு வரட்டும். அங்குதான் இருப்பேன். சிறிய எழுத்தைச் சேர்ந்து படிப்போம், கண்ணாடி நான் கொண்டுவருகிறேன்.